பிக்கப் ஸ்டீயரிங் கனக்கிறதா? பவர் பம்பை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

தக்காளியோ வெங்காயமோ ஏற்றிக்கொண்டு விடியும் முன் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டி, ஸ்டீயரிங் கனத்துப்போய் வழியில் நின்றுவிட்டால் அன்றைய ஏலம் போச்சு. வாடகை வண்டி பிடித்து லோடை மாற்றினால் இரட்டைச் செலவு. பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதல் பேச்சே, "பவர் பம்ப் போச்சுங்க, மாத்திடலாம்" என்பதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பம்பை மாற்றிய பிறகும் கனம் அப்படியே இருந்து, அடுத்ததாக ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றச் சொல்வதும் நடக்கிறது.

ஸ்டீயரிங் கனப்பதற்குப் பம்ப் ஒன்றே காரணம் இல்லை. பெல்ட்டாக இருக்கலாம், ஆயிலாக இருக்கலாம், ஹோஸாக இருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல், கிரீஸ் வற்றிய முன் சக்கர மூட்டாகவும் இருக்கலாம். கோளாறு எங்கே என்பதைப் பெருமளவு வீட்டு வாசலிலேயே, கையிருப்பில் உள்ள ஜாக்கியையும் ஒரு வெள்ளைத் துணியையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழுது பார்ப்பது மெக்கானிக் வேலைதான். ஆனால் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதிச் செலவு மிச்சம்.

ஆயில் எப்படி ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது

பொலேரோ பிக்கப், டாடா 207, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் உள்ளவையும் ஓடுகின்றன, இல்லாதவையும் ஓடுகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிலருக்குத் தங்கள் வண்டியில் எது இருக்கிறது என்றே தெரியாது. பானெட்டையோ சீட்டுக்கு அடியில் உள்ள இன்ஜின் மூடியையோ திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவைத் தவிர, இரண்டு ரப்பர் ஹோஸ் செருகிய இன்னொரு சின்ன டப்பா இருந்து, அதன் மூடியில் ஸ்டீயரிங் படமோ பெயரோ இருந்தால் அது ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டீயரிங். டப்பா இல்லாமல் மின் மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங்கும் புது வண்டிகளில் வருகிறது. அதற்கு ஃபியூஸ், பேட்டரி என்று சோதனையே வேறு. இங்கே சொல்வது ஆயில் வகைக்கு மட்டும்.

இன்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தம் தாங்கும் ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் பாக்ஸுக்குத் தள்ளுகிறது. சில வண்டிகளில் பாக்ஸுக்குப் பதிலாக நீளமான ராக் இருக்கும். நாம் எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கமாக ஆயில் சேர்ந்து தள்ளும். வேலை முடிந்த ஆயில் இன்னொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பிவிடும். வண்டி நேராகப் போகும்போது அழுத்தம் குறைவு. நின்ற இடத்தில் முழுவதும் ஒடிக்கும்போதுதான் ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். லாரி டயரில் அடைக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிலின் உதவி நின்றுபோனாலும் ஸ்டீயரிங் ராடுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அறுந்துவிடுவதில்லை. வண்டி திரும்பும், கை பலம்தான் பல மடங்கு வேண்டும். ஓடும்போது திடீரென்று கனத்தால் பதற வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டலாம். வண்டி நிற்கும்வரை இன்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது.

கனம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

மெக்கானிக்கிடம் "டைட்டா இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நேரத்தில், எந்தப் பக்கம், எந்த வேகத்தில் என்பதுதான் துப்பு. இரண்டு நாள் ஓட்டிக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஐடிலில் ஒடிக்கும்போது கனமாகவும், கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் லேசாகவும் இருந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் குறைந்திருக்கலாம். இன்ஜின் ஐடில் வேகத்தையே ரொம்பக் குறைத்து வைத்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். டீசல் மிச்சம் என்று ஐடிலைக் குறைத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பம்பைச் சந்தேகப்படும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

காலையில் எடுக்கும்போது லேசாக இருந்து, இருபது முப்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு கனத்தால் அதுவும் பெரும்பாலும் பம்பின் பக்கம்தான் காட்டும். சூடேறிய ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த பம்பால் அதை அழுத்தித் தள்ள முடியாது. இதற்கு நேர் எதிராக, காலையில் இரும்பு மாதிரி இருந்து ஓடியபின் சரியாகிவிட்டால் பாக்ஸ் அல்லது ராக்கின் உள் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் கனம், மறு பக்கம் லேசு என்றால் பம்ப் மேல் பழி போட வேண்டாம். ஒரே பம்ப்தான் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் அனுப்புகிறது. அது கெட்டால் இரண்டு பக்கமும் கனக்கும். ஒரு பக்கக் கனம் ஸ்டீயரிங் பாக்ஸின் உள் விவகாரம்.

திரும்பி முடித்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல், நாமே இழுத்துவிட வேண்டியிருந்தால் ஆயிலை விட்டுவிட்டு மூட்டுகளையும் அலைன்மென்ட்டையும் பாருங்கள். ஸ்டீயரிங்கில் ப்ளே அதிகம் என்று பாக்ஸின் மேல் உள்ள ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினாலும் இப்படி ஆகும். சமீபத்தில் யாராவது அந்த ஸ்க்ரூவில் கை வைத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். ப்ளே பெரும்பாலும் தேய்ந்த டை ராடு முனையில் இருக்கும், பலி கொடுப்பது பாக்ஸை.

டயரும் ஜாக்கியும்

முன் டயர் காற்று குறைந்திருந்தால் எந்தப் பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். கம்பெனி சொன்ன அளவைவிட அகலமான டயர் போட்டிருந்தாலும் அப்படித்தான். காற்றைச் சரி பார்த்த பிறகு அடுத்த சோதனைக்குப் போகலாம்.

கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வேண்டும். முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்படி தூக்கி, சேஸிஸுக்கு அடியில் மரக்கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. பிறகு இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் லாக் விழாதபடி சாவியை விட்டுவைத்து, ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஆயிலே எதிர்க்கும், அதனால் மெதுவாக.

சக்கரம் தரையைத் தொடாத நிலையிலும் கனமாகவோ, நடுவில் சிக்கிச் சிக்கியோ திரும்பினால் கோளாறு பெரும்பாலும் இரும்பில். பால் ஜாயிண்ட், கிங் பின், டை ராடு முனை ஆகியவற்றில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது ஸ்டீயரிங் ராடில் உள்ள மடங்கும் ஜாயிண்ட் துரு ஏறி இறுகியிருக்கும். சேற்று வயலிலும் வாய்க்கால் கரையிலும் ஓடும் வண்டிகளில், மழைக்காலம் முடிந்ததும் இது நிறைய வரும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடங்களில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். முன்னூறு, நானூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பம்ப் மாற்றும்வரை போவது இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

தூக்கிய நிலையில் லேசாகத் திரும்பி, இறக்கி இன்ஜினை ஓடவிட்டாலும் கனமாகவே இருந்தால் ஆயில் உதவி வரவில்லை என்று அர்த்தம். இப்போது பெல்ட்டைப் பார்க்கலாம்.

பெல்ட்டோடு பிரேக்கும் சம்பந்தப்பட்டிருக்கும்

நின்ற இடத்தில் ஒடிக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைத் திருப்பிப் பாருங்கள். உள் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினாலும், வெடிப்பு விட்டிருந்தாலும், ஆயில் நனைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆங்கில வி வடிவப் பழைய பெல்ட் என்றால் இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் தொய்வு. சத்தத்தை நிறுத்த சோப்பு தேய்ப்பது ஒரு நாளைக்குக்கூட உதவாது.

பல வண்டிகளில் பவர் பம்பைச் சுழற்றும் பெல்ட்டே ஆல்டர்னேட்டரையோ தண்ணீர்ப் பம்பையோ சேர்த்துச் சுழற்றும். ஸ்டீயரிங் கனத்த அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும். அதைவிட முக்கியம், பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்த பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கும் கனக்கும், இரண்டு மூன்று மிதியில் பிரேக்கும் கட்டையாகிவிடும். "பக்கத்தில்தானே மண்டி, போய்விடலாம்" என்று லோடோடு ஓட்டக் கூடாத நேரம் அது.

டப்பாவில் இருக்கும் சேதி

ஆயில் டப்பாவைத் திறக்கும் முன் மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணைத் துடையுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். அளவுக் கோடு பார்த்த பிறகு, ஒரு துளியை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள்.

சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் வெந்துபோயிருக்கிறது. நுரை கட்டியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது, பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. துணியை வெயிலில் காட்டும்போது மினுமினு என்று துகள் தெரிந்தால் பம்போ பாக்ஸோ உள்ளுக்குள் தேய்கிறது.

ஒடிக்கும்போது 'ஊ...' என்று முனகும் சத்தம் வந்தால் உடனே பம்ப் பேரிங் என்று சொல்லிவிடுவார்கள். ஆயில் குறைந்தாலும், காற்று புகுந்தாலும் அதே சத்தம்தான் வரும். பழைய வண்டிகளில் இன்னும் இரண்டு காரணங்கள் அடிக்கடி கண்ணில் படாமல் போகின்றன. பல டப்பாக்களின் அடியில் ஒரு சல்லடை வலை இருக்கும், வருடக்கணக்காக ஆயில் மாற்றாத வண்டியில் அது களிம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸ் உள்ளே உப்பியோ, உரிந்தோ வழியைச் சுருக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே இருக்கும், கையால் அமுக்கினால் கொழகொழ என்று இருக்கும். இரண்டிலும் பம்புக்கு ஆயில் போதாமல் முனகுகிறது, பம்ப் நல்லாத்தான் இருக்கிறது. முழுக் கோடியில் ஒடித்து நிறுத்தும்போது மட்டும் வரும் 'உஸ்' சத்தம் கோளாறே அல்ல. அழுத்தம் மிஞ்சாமல் வால்வு திறக்கும் சத்தம் அது. ஆனால் அப்படியே ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், ஆயில் கொதித்துப் பம்ப் கெடும்.

எந்த ஆயில் ஊற்றுவது? டப்பா மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும். பழைய வண்டிகள் பலவற்றில் டெக்ஸ்ரான் வகையைச் சேர்ந்த சிவப்பு ஏடிஎஃப் ஆயில் வரும். கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. பிரேக் ஆயிலை மட்டும் எந்த அவசரத்துக்கும் ஊற்றவே கூடாது. பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்கள் வேறு, பிரேக்கின் ரப்பர் வேறு. பிரேக் ஆயில் பட்டால் ஸ்டீயரிங் சீல் கெட்டு எல்லா மூட்டிலும் ஒழுகத் தொடங்கும். தப்பித் தவறி ஸ்டீயரிங் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றினால் இன்னும் மோசம். பிரேக் ரப்பர்கள் உப்பிப்போய் பிரேக்கே இல்லாமல் போகும். இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வண்டிகளில், இரவில் செல்போன் வெளிச்சத்தில் ஊற்றும்போது நடக்கும் தவறு இது. மூடிகளில் வேறு வேறு நிறத்தில் பெயின்ட் தொட்டு வையுங்கள். தவறாக ஊற்றிவிட்டது தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

குறைந்த ஆயில் எங்கே போனது

பவர் ஸ்டீயரிங் ஆயிலை எரிப்பதில்லை. குறைந்தால் ஒழுகுகிறது என்றுதான் பொருள். மாதம் ஒருமுறை ஊற்றிக்கொண்டே ஓட்டுவது கோளாறைத் தள்ளிப்போடுவது மட்டும்தான். சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் புகைந்து தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, காலையில் எந்த இடத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். இடம் தெரிந்ததும் சுற்றியுள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் ஒழுக்கு. பம்ப் புல்லிக்குப் பின்னால் ஈரம் என்றால் ஷாஃப்ட் சீல். ஹோஸும் இரும்பு முனையும் சேரும் இடம் என்றால் ஹோஸ். பாக்ஸின் அடியில், கை இணையும் தண்டில் என்றால் அந்தத் தண்டின் சீல். ராக் வண்டி என்றால் இரண்டு பக்கமும் உள்ள மடிப்பு ரப்பரை அமுக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தளும்பினால் ராக் சீல் போயிருக்கிறது. தானியக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஒழுக்கைத் தேடி ஹோஸில் கையை வைத்துத் தடவ வேண்டாம். ஊசிமுனை ஓட்டை வழியாக அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அழுத்தம் தாங்கும் ஹோஸை வெட்டி கிளிப் போட்டு ஒட்டவைப்பது ஆகாத வேலை. திரும்பும் ஹோஸில் கிளிப் நிற்கும், அழுத்த ஹோஸில் முதல் வளைவிலேயே தெறிக்கும். வேறு ஹோஸ்தான் போட வேண்டும்.

காற்றை வெளியேற்றுவது

ஹோஸ் மாற்றினாலோ, ஆயில் முழுவதும் ஒழுகிப் போயிருந்தாலோ புது ஆயில் ஊற்றியதும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. முன் சக்கரங்களைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, டப்பா மூடியைத் திறந்து வைத்து, இன்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பதினைந்து, இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். ஒருவர் திருப்ப, இன்னொருவர் டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி வருவது நின்றதும் ஐடிலில் ஸ்டார்ட் செய்து மறுபடி சில முறை திருப்புங்கள். நுரை அடங்கவில்லை என்றால் அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி செய்யலாம். பலருக்குக் கனமும் முனகலும் இதோடு போய்விடும்.

பம்பா, பாக்ஸா என்று கேஜ் சொல்லும்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கனம் போகவில்லை என்றால் மிச்சம் இருப்பது பம்ப், பாக்ஸ் இரண்டுதான். இந்த இடத்தில் ஊகத்துக்கு வேலை இல்லை. பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வால்வு உள்ள அழுத்த கேஜ் ஒன்றை மாட்டி, வால்வைச் சில விநாடி மட்டும் மூடிப் பார்ப்பார்கள். கம்பெனி சொன்ன அழுத்தம் ஏறினால் பம்ப் நல்லது, கோளாறு பாக்ஸில். ஏறாவிட்டால் பம்ப். ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்பும் கெட்டுவிடும், ஆகவே இது தெரிந்தவர் செய்யும் வேலை. பம்ப் மாற்றச் சொல்பவரிடம், "கேஜ் போட்டுப் பார்த்தீர்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேஜ் இல்லாத கடை என்றால், கேஜ் உள்ள கடைக்கு ஒரு நடை போவது லாபம்.

பம்ப்தான் என்று முடிவானாலும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அழுக்கில் சிக்கியிருந்தால் கழுவினாலே சரியாகலாம். ஒரு நேரம் லேசு, ஒரு நேரம் கனம் என்று மாறி மாறி வரும் வண்டியில் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பம்போ, ரீகண்டிஷன் பம்போ போட்டால் பழைய ஆயிலை முழுவதும் வடித்து, டப்பாவின் வலையையும் ஹோஸ்களையும் கழுவிய பிறகே போட வேண்டும். பழைய பம்பின் இரும்புத் துகள் உள்ளேயே இருந்தால் புதுப் பம்பையும் தின்றுவிடும்.

மலை இறக்கத்தில்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, நீலகிரியிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையிலோ டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டும் ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பவர் பம்பும் நிற்கும், பிரேக் உதவியும் நின்றுவிடும். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஒன்றரை டன் பாரத்தோடு அந்த வளைவை வெறும் கை பலத்தில் ஒடிக்க முடியாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஸ்டீயரிங் விட்டுவிட்டுக் கனக்கும் வண்டியைச் சரி செய்யும்வரை மலைக்கு அனுப்பவே கூடாது.

பழைய பிக்கப் வாங்கப் போகும்போது

விற்பவர் வண்டியை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், ஆறட்டும் என்று காத்திருங்கள். இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கை அடியில் சட்டென்று இளக வேண்டும். நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஒடித்து, இரண்டும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி மறுபடி ஐடிலில் ஒடியுங்கள். டப்பாவில் ஆயில் அன்றைக்கு ஊற்றியதுபோல் புத்தம் புதிதாக இருந்து, பம்பும் பாக்ஸும் அப்போதுதான் கழுவியதுபோல் பளபளத்தால், ஒழுக்கை மறைத்திருக்கிறார்களா என்று மடிப்பு ரப்பரை அமுக்கிப் பாருங்கள். கனமோ ஒழுக்கோ தெரிந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பம்ப், பாக்ஸ் இரண்டின் விலையையும் பக்கத்து ஊர் ஸ்பேர் கடையில் விசாரித்துவிட்டு, அதைக் கழித்து விலை பேசுங்கள்.